பூனை ஏன் கதவோரத்தில் பீய்ச்சுகிறது?

வளர்ப்புப் பூனை திடீரென்று வாசல் நிலையிலோ சோபாவின் பக்கவாட்டிலோ சிறுநீர் பீய்ச்சத் தொடங்கினால், வீட்டில் உடனே இரண்டு தீர்ப்புகள் எழுகின்றன. பழக்கம் கெட்டுப்போய்விட்டது என்பது ஒன்று. நேற்றுத் திட்டியதற்குப் பழிவாங்குகிறது என்பது மற்றொன்று. தீர்ப்புக்குப் பின்னால் தண்டனையும் வந்துவிடுகிறது. அடி விழுகிறது, அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள், கடைசியில் சாக்கில் கட்டி எடுத்துப்போய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டும் வருகிறார்கள். எத்தனையோ பூனைகள் வீடிழப்பது இந்த ஒரே காரணத்தால்தான். ஆனால் பூனை எப்படிப்பட்ட இடத்தில் பீய்ச்சியது என்று நிதானமாகப் பார்த்தாலே, ஏன் பீய்ச்சியது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கதவோரம், சன்னலுக்குக் கீழ், பால்கனித் தடுப்பு, மூலையில் கழற்றிப்போட்ட செருப்பு, புதிதாக வந்த அலமாரி: இவையெல்லாம் வெளியுலகம் வீட்டுக்குள் நுழையும் வழிகள், அல்லது வெளியுலகத்தின் வாசனையைச் சுமந்து வந்த பொருள்கள். இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. தன் இடத்தின் எல்லையில் வேறு யார் நடமாடுகிறார்கள் என்பதில் நிச்சயம் குலையும்போது பூனை செய்யும் செயல் இது என்பதற்கு வேதியியலிலும் காட்டிலும் சான்றுகள் இருக்கின்றன.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பூனை வெறுமனே சிறுநீர் கழிக்கும்போது குந்தி உட்காரும், தரையில் நிறையக் கழிக்கும், பிறகு மண்ணைக் கீறி மூடப் பார்க்கும். பீய்ச்சும்போது அதன் தோற்றமே வேறு. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால்நுனி அதிர, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி கொஞ்சமாகப் பின்னோக்கித் தெளிக்கும். தெளித்ததை மூடுவதில்லை, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இப்படிப் பீய்ச்சும் பூனை, வழக்கமான தேவைக்கு மணல் தட்டை ஒழுங்காகவே பயன்படுத்திக்கொண்டிருக்கும். ஆகவே பழக்கம் கெட்டுவிட்டது என்ற முதல் தீர்ப்பு இங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஆனால் நிற்கும் தோரணையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. குந்தியபடியே அடையாளம் வைக்கும் பூனைகள் உண்டு, நோயால் நின்றபடி கழிக்கும் பூனைகளும் உண்டு. நோயைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பூனையின் சிறுநீரில் வேதியியலாளர்களை நெடுநாள் வியக்கவைத்த பொருள் ஒன்று இருக்கிறது. 1953இல் வெஸ்டால் என்ற ஆய்வாளர் அதில் கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். ஃபெலினைன் என்று பெயர் பெற்ற அதற்குத் தனியாக வாசனை எதுவும் கிடையாது. ஆனால் காற்றில் கிடக்கக் கிடக்க அது மெல்லச் சிதைந்து, கந்தகச் சேர்மங்களை வெளிவிடுகிறது. கடுவன் பூனைக்கே உரிய அந்தக் காட்டமான நெடி அவற்றிலிருந்துதான் வருகிறது. துடைத்த சுவர் அன்று மணக்காமல் மறுநாள் மணப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு புதிரும் இருந்தது. மற்றப் பெரும்பாலான பாலூட்டிகளின் சிறுநீரில் புரதம் அதிகம் தென்பட்டால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று மருத்துவர் கவலைப்படுவார். பூனையோ நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே புரதத்தை ஏராளமாக வெளியேற்றுகிறது. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாகியும் அவருடைய சகாக்களும் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து 'காக்ஸின்' என்று பெயரிட்டார்கள். அது ஒரு நொதி என்றும், முன்னோடிச் சேர்மம் ஒன்றை வெட்டி ஃபெலினைனை உண்டாக்குவதே அதன் வேலை என்றும் 2006இல் காட்டினார்கள். குட்டிப் பருவம் கழிந்து சுமார் மூன்று மாத வயதில் அது சிறுநீரில் தோன்றத் தொடங்குகிறது. விதை நீக்கப்படாத கடுவன்களில்தான் மிக அதிகம். அந்தப் புரதம் சிறுநீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, செங்குத்தான பரப்பில் வழிந்துவிடாமல் படர்ந்து ஒட்டிக்கொள்ளச் செய்கிறது என்பதை அதே ஆய்வுக்குழு அண்மையில் காட்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது செலவு. ஃபெலினைனுக்கான கந்தகம் இறைச்சியின் அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. வேட்டையாடிச் சம்பாதித்த சத்தைப் பூனை சுவரில் கொட்டுகிறது. ஓர் உயிரினம் இவ்வளவு விலை கொடுத்து ஒன்றைத் தயாரிக்கிறது என்றால், அதைப் பெற்றுக்கொள்ளும் மூக்கு ஒன்று எங்கோ இருக்க வேண்டும். இருக்கிறது. அடையாளம் வைத்த இடத்தை மோந்த பூனை, மேலுதட்டைச் சற்றுத் தூக்கி வாயை அரைகுறையாகத் திறந்து, திகைத்தாற்போல் நிற்பதைப் பூனை வளர்ப்பவர்கள் அறிவார்கள். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னாலுள்ள துளைகள் வழியாக வாசனை மூலக்கூறுகளை ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி மோப்ப உறுப்புக்கு ஏற்றிக்கொள்ளும் வேலை அது. 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், சிறுநீர் எந்தப் பூனையுடையது என்பதையும், அது புதியதா நேரமானதா என்பதையும் பூனைகள் வாசனையால் பிரித்தறிந்தன. ஆள் யார், வந்துபோய் எவ்வளவு நேரமாயிற்று: இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கிடைத்தால் தனித்துத் திரியும் விலங்குக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பால் லேஹாவ்சன், இந்த வேதியியல் எதுவும் தெரியாத காலத்திலேயே வெறும் கவனிப்பால் இதை ஊகித்திருந்தார். ஒரே பாதையைப் பல பூனைகள் பகிர்ந்துகொண்டும் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்த அவர், அடையாளங்களை ரயில்வே சிக்னலோடு ஒப்பிட்டார். புதிய வாசனை என்றால் முன்னால் யாரோ இருக்கிறார்கள், பொறு. பழையது என்றால் பாதை காலி, போகலாம். பீய்ச்சிய இடத்தைக் கண்டு அயல்பூனை அஞ்சி ஓடுவதில்லை என்பதும் இதற்குப் பொருந்தி வருகிறது. அது நின்று, நெடுநேரம் மோந்து, பிறகுதான் நகர்கிறது. எல்லைக்கோடு என்றதும் நமக்கு வேலியும் விரட்டலும் நினைவுக்கு வருகின்றன. பூனைக்கு அது முகத்துக்கு முகம் சந்திக்காமல் ஒதுங்கிக்கொள்ள உதவும் ஏற்பாடு. சண்டையில் காயம்பட்டால் வேட்டையாட முடியாது. தனக்கான உணவைத் தானே பிடித்தாக வேண்டிய விலங்குக்குக் காயம் என்பது பட்டினி. ஆகையால் சந்திப்பைத் தவிர்ப்பதற்கு இவ்வளவு செலவு செய்வது பூனைக்குக் கட்டுப்படியாகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான துணை வளர்ப்புப் பூனையின் பெரிய உறவினரிடமிருந்து கிடைக்கிறது. புலியும் இதே தோரணையில், வாலைத் தூக்கி, மரத்தின் மீது பின்னோக்கிப் பீய்ச்சுகிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரதன்லால் பிரம்மச்சாரி பல்லாண்டுகள் அந்தத் திரவத்தை ஆராய்ந்தார். பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே மூலக்கூறு புலியின் அடையாளத் திரவத்திலும் இருப்பதை அவரும் சகாக்களும் கண்டறிந்தார்கள். புலி உலவிய காட்டுத்தடத்தில் சமைத்த பாசுமதியின் வாசனை வருவது அதனால்தான். (விலங்கின் அடையாள வாசனை என்றாலே முகம் சுளிக்கும் நாம்தான், புனுகுப்பூனை தன் சுரப்பியால் மரத்தில் தேய்த்து வைக்கும் அடையாளத்தை வழித்தெடுத்துத் திருமலைக் கோயிலில் தெய்வத்துக்குச் சாத்துகிறோம். அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும், அடையாளம் வைக்கும் காரணம் ஒன்றுதான்.) நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் புலிகளைப் பின்தொடர்ந்த ஸ்மித், மெக்டூகல், மிக்கெல் ஆகியோரின் ஆய்வு 1989இல் வெளியானது. புலிகள் தங்கள் பகுதி முழுவதும் ஒரே சீராக அடையாளம் வைக்கவில்லை. அண்டைப் புலியின் பகுதியோடு உரசும் ஓரங்களில் அதிகமாக வைத்தன. புதிதாக ஓர் இடத்தைப் பிடித்துக் காலூன்றும் நாட்களில் இன்னும் அதிகமாக வைத்தன. எல்லை உறுதியாகி அக்கம்பக்கம் பழகிய பின் அது தணிந்தது. எங்கே அண்டையோடு உரசல் இருக்கிறதோ, எப்போது நிலைமை மாறுகிறதோ, அங்கேயும் அப்போதும் அடையாளம் பெருகுகிறது.

இந்தக் காட்டு விதியை ஒரு வீட்டின் வரைபடத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். தரைத்தள வீட்டின் சன்னல் கம்பிக்கு வெளியே ஒவ்வொரு மாலையும் ஒரு தெருக் கடுவன் வந்து உட்கார்கிறது. வீட்டுப்பூனை சன்னலுக்குக் கீழே பீய்ச்சுகிறது, ஏனென்றால் உரசல் நடக்கும் ஓரம் அதுதான். வீட்டுக்காரர் வேறொரு வீட்டின் பூனையைத் தடவிவிட்டு வருகிறார், அந்த வாசனையோடு செருப்பு மூலையில் கிடக்கிறது. பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய மேசை கூடத்துக்கு வருகிறது. பிரசவத்துக்கு மகள் வந்து தங்குகிறாள், அறைகளில் ஆட்கள் மாறுகிறார்கள், பூனை வழக்கமாகப் படுக்கும் இடம் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொன்றிலும் பூனை அறிந்து வைத்திருந்த வாசனை ஒழுங்கு கலைகிறது. இரண்டு மூன்று பூனைகள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் நிலைமை இன்னும் இறுக்கமானது. லேஹாவ்சன் பார்த்த பூனைகளுக்குப் பாதையிலிருந்து விலகிப்போகத் தோட்டமும் வயலும் இருந்தன. எண்ணூறு சதுர அடியில் விலகிப்போக வழியில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் ஒரே நடைவழி என்றால், அங்கே ஒரு பூனை சும்மா படுத்துக்கொண்டாலே போதும், மற்றதன் வழி அடைபட்டுவிடும். சீறல் இல்லை, நகக்கீறல் இல்லை, அதனால் வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை. வீட்டில் பூனைகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பீய்ச்சும் வாய்ப்பும் கூடுகிறது என்பது கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து கண்டுவரும் உண்மை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. புலி காட்டு விலங்கு, பூனையோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு வாழ்வது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனை கிடைத்திருக்கிறது. பழகிப்போன விலங்குக்குக் காட்டுப்புலியின் விதி பொருந்துமா? தவிர, பண்ணைகளிலும் துறைமுகங்களிலும் பூனைகள் கூட்டமாகவே வாழ்கின்றனவே? இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லலாம். அந்தக் கூட்டங்களின் அச்சு, ஒன்றுக்கொன்று உறவான பெட்டைகள்: தாயும் மகளும் சகோதரிகளும். கூட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பூனையை அவை எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. கடையில் ஒன்றும் தெருவில் ஒன்றும் எடுத்துவந்து ஒரே வீட்டில் விட்டால் உண்டாவது அந்த வகைக் கூட்டமல்ல. முதல் கேள்விக்கு மரபணு ஆய்வு பதில் தருகிறது. 2007இல் வெளியான ஆய்வொன்று, வளர்ப்புப் பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனை இனத்திலிருந்து வந்தவை என்று காட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனித்துத் திரிவது. நாயையும் மாட்டையும் போல் பூனையின் இனப்பெருக்கத்தை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் இல்லை. களஞ்சியத்தில் எலி இருந்தது, பூனை வந்து தங்கியது. மனிதனைச் சகித்துக்கொள்ளப் பூனை கற்றுக்கொண்டது. அந்நியப் பூனையைச் சகித்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி அதற்குப் பெரும்பாலும் வந்ததில்லை.

எல்லாம் ஹார்மோன் வேலை, அறுவை செய்தால் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பெரும் உண்மை இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட், வளர்ந்த கடுவன்களுக்கு விதைநீக்கம் செய்தால் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் பீய்ச்சல் குறைவதை 1973இல் காட்டினார். ஆகவே அறுவை செய்யாத பூனை பீய்ச்சினால் முதலில் செய்ய வேண்டியது அறுவைதான், அதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் அதே ஹார்ட் 1984இல் இன்னொன்றையும் வெளியிட்டார். பருவம் அடையும் முன்பே அறுவை செய்யப்பட்ட பூனைகளிலும் கடுவன்களில் சுமார் 10 சதவீதமும் பெட்டைகளில் சுமார் 5 சதவீதமும் வளர்ந்தபின் பீய்ச்சின. டெஸ்டோஸ்டிரோன் எட்டிப்பார்க்காத உடல்களிலும் இந்த நடத்தை இருக்கிறது என்றால், ஹார்மோன் அதைத் தூண்டும் அளவை மட்டுமே கூட்டிக் குறைக்கிறது என்றாகிறது.

பழிவாங்கல் என்ற குற்றச்சாட்டுக்குத்தான் ஆதாரம் மிக மெலிது, ஆனால் அதுதான் பூனைகளுக்கு மிகுந்த கேட்டைச் செய்வது. திட்டிய மறுநாளே என் கட்டிலில் பெய்துவிட்டது, இதற்கு வேறென்ன அர்த்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் சகாக்களும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சரியான பதில். அங்கே வளர்க்கப்பட்ட பூனைகளை 77 வாரங்கள் நாள்தோறும் கவனித்தார்கள். பராமரிப்பவர் மாறினார், சாப்பாட்டு நேரம் மாறியது என்பது போன்ற சிறு மாற்றங்கள் நேர்ந்த வாரங்களில், நல்ல உடல்நலமுள்ள பூனைகளும் சரியாகச் சாப்பிடாமல், வாந்தியெடுத்து, தட்டுக்கு வெளியே கழித்தன. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, வஞ்சம் தீர்க்க எவரும் இல்லை. அன்றாட ஒழுங்கு குலைந்தது, உடல் அதைக் காட்டியது, அவ்வளவுதான். திட்டு விழுந்த வீட்டிலும் பூனை அறிந்துகொள்வது, இந்த இடம் இனிப் பாதுகாப்பானதல்ல என்பதை மட்டுமே. அடி அந்த அச்சத்தைக் கூட்டுகிறது, அச்சம் பீய்ச்சலைக் கூட்டுகிறது.

நோயைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. அன்றாட நெருக்கடியும் சிறுநீர்ப்பையும் பூனையின் உடலில் பின்னிக் கிடக்கின்றன. சிறுநீர்ப்பாதைத் தொல்லையோடு மருத்துவரிடம் வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லும் இருப்பதில்லை, தொற்றும் இருப்பதில்லை. சிறுநீர்ப்பை அழன்றிருக்கும், காரணம் வெளிப்படையாகத் தெரியாது. அத்தகைய பூனைகளுக்கு ஒளிய இடம், ஏற உயரம், மாறாத நேரஒழுங்கு என்று வாழ்விடத்தைச் சீராக்கியபோது தொல்லை தணிந்ததை பஃபிங்டன் காட்டியிருக்கிறார். ஆகவே இது மனமா உடலா என்ற கேள்வியைப் பூனையிடம் கேட்பதில் பயனில்லை. வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கிய எந்தப் பூனையையும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அதிலும் ஒரு கடுவன் மீண்டும் மீண்டும் முக்குகிறது, கத்துகிறது, சொட்டுக்கூட வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். அது ஓரிரு நாட்களில் உயிரைக் குடிக்கும் நிலை. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

காரணம் இதுவென்றால், நாம் வழக்கமாகச் செய்யும் முதல் காரியமே எதிர்விளைவைத் தருகிறது. நம் வீடுகளில் சிறுநீர் நாற்றம் என்றதும் கை ஃபினைலுக்கோ டெட்டாலுக்கோ போகிறது. பூனை வைத்த வாசனையை அந்நியமான இன்னொரு காரநெடியால் அடித்து மூடுவது, எல்லை நிலவரத்தை இன்னும் குழப்புகிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கருப்பு ஃபினைலிலும் டெட்டாலிலும் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களை நம் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். பூனையில் அதற்கான மரபணுக்களில் ஒன்று செயலிழந்து கிடக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாவதற்கும் இந்தக் குறைபாடு ஒரு காரணம். துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும் பூனை அந்த நஞ்சைத் தானே உட்கொள்கிறது. அம்மோனியா கலந்த திரவங்களும் வேண்டாம், சிறுநீரிலும் அம்மோனியா உண்டு. நொதி கலந்த துப்புரவுத் திரவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வாசனையற்ற துணிசோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக அலசி, உலரவிட்டு, மறுநாளும் ஒருமுறை கழுவ வேண்டும். மறுநாள் ஏன் என்பதற்கு ஃபெலினைனே விடை.

துடைப்பதற்கு அப்பால் செய்ய வேண்டியதெல்லாம் இடம் சார்ந்தது. சன்னலின் கீழ்ப்பாதியில் ஒளிபுகும் மங்கல் தாள் ஒட்டினால் தெருக் கடுவன் கண்ணில் படாது. மொட்டைமாடியிலோ படிக்கட்டிலோ அதற்கு வைக்கும் சாப்பாட்டைச் சன்னலிலிருந்து தள்ளி வைக்கலாம். அந்தத் தெருப்பூனைக்கும் கருத்தடை செய்ய முடிந்தால் வேர் வரை போன மாதிரி. மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு அறைகளில் இருக்க வேண்டும். ஒரே மூலையில் வரிசையாக வைத்த மூன்று தட்டு பூனைக்கு ஒரே தட்டுதான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தட்டைத் தினமும் சுத்தம் செய்து, பீய்ச்சிய இடங்களை நொதித் திரவத்தால் கழுவியதாலேயே பல பூனைகளில் பீய்ச்சல் குறைந்தது. பீய்ச்சுவதும் கழிப்பதும் வேறு என்றேனே, பிறகு தட்டு எப்படி இதில் வந்தது என்று கேட்கலாம். அழுக்குத் தட்டும் வீட்டின் வாசனை ஒழுங்கில் ஒரு பகுதி, பூனை அதை நாளுக்குப் பலமுறை கடந்துபோகிறது. அலமாரியின் மேல்தட்டு, பரண் ஓரம் போன்ற உயரமான இடங்களைத் திறந்துவிட்டால், தரையில் விலக முடியாத பூனைகள் மேலும் கீழுமாக விலகிக்கொள்ளும். கன்னத்தால் தேய்த்து வைக்கும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து மின்செருகியில் பொருத்தி விற்கிறார்கள். அதன் பலன் பற்றிய ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. இடத்தைத் திருத்தாமல் அதை மட்டும் நம்புவது வீண்செலவு என்பது என் எண்ணம்.

மருந்தும் உண்டு. மனப்பதற்றத்துக்கு மனிதர்களுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெட்டின், குளோமிப்ரமின் ஆகிய இரண்டும் மருத்துவர் சொல்லும் அளவில் பூனைக்குக் கொடுக்கும்போது பீய்ச்சலைத் தெளிவாகக் குறைக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்த்தும் தீராத பூனைக்கு அவற்றை மறுப்பது சரியல்ல, வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மருந்தைச் சட்டென்று நிறுத்தியபோது பல பூனைகள் மறுபடியும் பீய்ச்சத் தொடங்கின என்பதும் ஆய்வுகளில் பதிவானதே. சன்னலுக்கு வெளியே அந்தக் கடுவன் அப்படியே உட்கார்ந்திருந்தால், மாத்திரை தீர்ந்த பின் வேறெதை எதிர்பார்க்க முடியும்? மருந்து கொடுக்கும் மாதங்களில் சன்னலையும் நடைவழியையும் தட்டுகளையும் சரிசெய்துவிட்டு, மருத்துவர் சொன்னபடி அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.